கத்திக்காரரும் குளிசைக்காரரும்

1. முதல் நாளே சண்டை

ஆஸ்பத்திரி வாட்டுக்குள் கால் வைக்க முதலே சண்டைச் சத்தம் கேட்டது. மாற்றலாகி வந்த முதல் நாள் அது. பெட்டியைக்கூட இன்னும் குவாட்டர்சில் இறக்கவில்லை. நோயாளியின் சொந்தக்காரர் யாரோ கத்துகிறார்களாக்கும் என்று எட்டிப் பார்த்தால், கத்திக்கொண்டிருந்தவர்கள் இரண்டு டொக்டர்மார்.

"முட்டை வெளிக்கிட வழியில்லாமல் ஓவரியிலை தோல் தடிச்சுப் போய் இருக்கு. நான் ஒரு கீத்து வெட்டி எடுத்துவிடுறன், வழி பிறக்குது. இதிலை என்ன காணும் உமக்கு விளங்கேல்லை?" என்றார் பெரியவர்.

"வெட்டின இடம் ஆறேக்கை உள்ளுக்குள்ளை ஒண்டோடை ஒண்டு ஒட்டிப் பிடிக்கும், சேர். பிறகு அதுவே பிள்ளைக்குத் தடையா வரும். குளிசையாலை ஆகிற காரியத்துக்கு ஏன் வயித்தைத் திறப்பான்?" என்றார் இளையவர்.

நான் வாசலில் நின்று இருமினேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஆர், புது மிஸ்ஸியோ? நல்லதாப் போச்சு, தேத்தண்ணிக்குச் சொல்லும்" என்றார் பெரியவர். வன்னியில் என் நேர்ஸ் உத்தியோகம் இப்படித்தான் தொடங்கியது.

அறுபதுகளின் கடைசி அது. வவுனியாப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். நான் முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கிற குடும்பத்துப் பிள்ளை. நேர்ஸ் வேலையைக் கொழும்பில் படித்தேன். காடும் வயலும் சூழ்ந்த ஊரில் மீனில்லாமல் எப்படிக் காலம் தள்ளப்போகிறேன் என்பதுதான் அப்போது என் பெரிய கவலை.

பெரியவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாதத்தில் சில நாள் தன் கறுப்புக் காரில் வந்து ஒப்பரேஷன் செய்துவிட்டுப் போகிற சேர்ஜன். வழியில் பரந்தன் சந்தியில் பிளேன்ரீ குடிக்காமல் வரமாட்டார். கை வேலையில் கெட்டிக்காரர், குரலோ கோயில் மணி. இளையவர் சீமையில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கலியாணமாகாதவர், கூச்ச சுபாவம், யாராவது பெண் நிமிர்ந்து பார்த்தாலே காது சிவந்துவிடும். அப்படிப்பட்டவர் ஏன் பெண்கள் வாட்டு வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். வாட்டு வேலையாட்கள் இரண்டு பேருக்கும் பட்டம் வைத்திருந்தார்கள். ஒருவர் கத்திக்காரர், மற்றவர் குளிசைக்காரர்.

2. சண்டைக்குக் காரணமான வருத்தம்

இன்றைக்குப் பி.சி.ஓ.எஸ். என்று நான்கு எழுத்தில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அப்போது அதற்கு வாயில் நுழையாத நீளப் பெயர். சில பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. மூன்று மாதம், நாலு மாதம், சில வேளை அரை வருஷம் என்று தள்ளிப் போகும். மேலுதட்டிலும் நாடியிலும் ரோமம் தலைகாட்டும், உடம்பு வைக்கும். சூலகம் இரண்டும் பருத்து, உள்ளே சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் நிறைந்து, முட்டை வெளியே வராமல் நின்றுவிடும். முட்டை வராவிட்டால் பிள்ளைக்கு எங்கே போவது? இப்போதுபோல ஸ்கான் கிடையாது. டொக்டரின் கைவிரல்தான் ஸ்கான்.

இதற்குக் கத்திக்காரரின் வைத்தியம், வயிற்றைத் திறந்து இரண்டு சூலகத்திலும் வத்தகப்பழத்தில் கீற்று எடுப்பது போல ஒரு துண்டு வெட்டி எடுத்துவிட்டுத் தைத்துவிடுவது. ஏன் பலிக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, ஆனால் பலித்தது. அவர் வெட்டினவர்களில் பலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனார்கள். வராதவர்களும் இருந்தார்கள். "எல்லாருக்கும் சரிவரும் எண்டில்லை" என்று தோளைக் குலுக்குவார்.

குளிசைக்காரரின் வைத்தியம் அப்போதுதான் சீமையில் சந்தைக்கு வந்த குளிசை, அதாவது ஒரு மாத்திரை. மாதவிலக்கு வந்த ஐந்தாம் நாளிலிருந்து ஐந்து நாள் போட்டால், தூங்குகிற சூலகத்தைத் தட்டி எழுப்பி முட்டையை வெளியே அனுப்பும் என்றார். கொழும்பில் இருந்த சிநேகிதர் மூலம் கொஞ்சம் எடுப்பித்து மேசை லாச்சியில் பூட்டி வைத்திருந்தார்.

பெரியவர் விடவில்லை. "ஒட்டுசுட்டான் காட்டுக்குள்ளை இருந்து மாதாமாதம் குளிசைக்கு வருவினமோ? றோட்டிலை ஆனை நிண்டா பஸ் திரும்பிப் போடும். வெட்டினா ஒரே நாளிலை வேலை முடிஞ்சுது" என்பார். அதில் நியாயம் இல்லாமலில்லை. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், தேத்தண்ணி கொடுக்கிற பக்கம் என்று தப்பிக்கொள்வேன்.

3. தவமணி

குளிசையை முதலில் யாருக்குக் கொடுப்பது என்று இருந்தபோது வந்தவள் தவமணி. ஒட்டுசுட்டானுக்கு அங்காலை, குளத்துக்குக் கீழே அரசாங்கம் காடு வெட்டிக் கொடுத்த காணியில் குடியேறிய குடும்பம். பிறந்தது யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி. கலியாணமாகி எட்டு வருஷம். புருஷன் சின்னராசா பனை மாதிரி நெடுக வளர்ந்த மனிதர். கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் விறாந்தையில் போய் நிற்பார்.

தவமணி அப்படியில்லை. வந்த அன்றைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ்ஸி, எனக்கு என்ன செய்யச் சொன்னாலும் செய்வன். பரியாரியாரிட்டை மூண்டு வருஷம் கசாயம் குடிச்சனான், ஒரு நேரம் தவறவிடேல்லை. கோயிலுக்குப் பொங்கின பானையை அடுக்கினா வீடு நிறையும். இன்னும் என்ன இருக்கு எண்டு சொல்லுங்கோ" என்றாள். பேச்சில் அழுகை இல்லை. வேலை கேட்டு வந்தவள் மாதிரித்தான் கேட்டாள். எனக்கு அவளை உடனே பிடித்துப் போயிற்று.

பெரியவர் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஓவரியும் நல்லாப் பருத்திருக்கு. எனக்குரிய கேஸ்" என்றார்.

"மூண்டு மாதம் எனக்குத் தாங்கோ, சேர். சரிவராட்டி நீங்கள் வெட்டுங்கோ" என்றார் இளையவர்.

பெரியவருக்கு விளையாட்டுக் குணமும் உண்டு. "சரி காணும், எடும். மூண்டு மாதம் கழிச்சு நான் கத்தியைத் தீட்டிக்கொண்டு வாறன்" என்று சிரித்தார். கட்டிலில் படுத்திருந்தவள் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "வெட்டினா எத்தினை மாதம் நாத்து நடப் போகேலாது, மிஸ்ஸி?" என்று கேட்டாள். அவள் குனிந்து நிமிராவிட்டால் அந்தக் காணியில் பாதி வேலை நின்றுவிடும்.

குளிசை வேலை செய்தது. இதை அடித்துச் சொல்வேன். முதல் மாதம் குளிசை போட்டாள். அரை வருஷம் தள்ளிப்போகிறவளுக்கு அடுத்த மாதம் சொன்ன கணக்கில் மாதவிலக்கு வந்தது. குளிசைக்காரர் துள்ளாத குறை. "பாத்தீங்களோ மிஸ், முட்டை வந்திருக்கு! வராட்டி இப்பிடிக் கணக்கா வராது." இரண்டாம் மாதமும் அப்படியே, மூன்றாம் மாதமும் அப்படியே. மாதவிலக்கு ஒழுங்காக வந்தது, பிள்ளை மட்டும் வரவில்லை.

குளிசைக்காரருக்கு மூளை குழம்பிவிட்டது. புருஷனையும் சோதித்தார், அவரில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் கேட்கவேண்டியதைக் கேட்கத் துணிந்தார். காது சிவக்க, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "வீட்டிலை... ரெண்டு பேரும்... ஒற்றுமையா இருக்கிறீங்கள்தானே?" என்றார்.

தவமணிக்குச் சிரிப்பு வந்தது. "எட்டு வருஷத்திலை ஒரு சண்டை இல்லை, டொக்டர். சத்தம் போட்டு ஒரு சொல்லுச் சொல்லமாட்டார்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பாவம், எப்படிக் கேட்பார்?

4. விறாந்தையில் ஒரு கேள்வி

தவமணியின் பெயர் ஒப்பரேஷன் லிஸ்டில் ஏறியது. ஒப்பரேஷனுக்கு முதல் நாள் காலையிலேயே வந்து படுத்துவிட்டாள். துணிப்பையில் மாற்றுச் சேலை, ஒரு செம்பு, திருநீற்றுப் பொட்டலம். சாப்பாடு கொடுக்கும்போது, குழம்பில் என்ன போட்டிருக்கிறது என்று குசினிக்காரியைத் துருவித் துருவிக் கேட்டாள். மீன் என்றதும் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டாள். வருத்தக்காரருக்குக் கிடைத்த நல்ல மீனை இப்படி ஒதுக்குகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

பின்னேரம் விறாந்தையில் சின்னராசா என்னை மறித்தார். கையில் வழக்கமான பூசணிக்காய். அந்த மனிதர் என்னோடு ஒரு முழு வசனம் பேசியது அன்றைக்குத்தான்.

"மிஸ்ஸி, ஒண்டு கேக்கலாமோ? கோவிக்கக் கூடாது."

"கேளுங்கோ அண்ணை."

"உந்த வெட்டுக்கு எவ்வளவு காலம் பத்தியம்?"

"பத்தியமோ? ரெண்டு மூண்டு நாள் கஞ்சி, பிறகு எல்லாம் தின்னலாம்" என்றேன்.

அவர் நெளிந்தார். பூசணிக்காயை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "சாப்பாட்டுப் பத்தியம் இல்லை, மிஸ்ஸி. மற்றது. குளிசைக்கு மாதம் முழுக்க இருந்தம். அப்ப வெள்ளாமைக் காலம், காட்டுப் பண்டி காவலுக்கு எண்டு வயலிலை கொட்டிலுக்குள்ளை படுத்தன், ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இப்ப அறுவடையும் முடிஞ்சுது. வெறும் வயலிலை என்னத்தைக் காவல் காக்கிறாய் எண்டு பக்கத்துக் காணிக்காரர் பகிடி பண்ணுறாங்கள். வெட்டுக்கு எண்டால் எப்பிடியும் கனகாலம் வரும். அதுதான்..."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். பரியாரியாரின் நாட்டு மருந்து என்றால் பத்தியம் உண்டு. புளி, மீன், எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் தள்ளி வைப்பதோடு, புருஷனும் பெண்சாதியும் தள்ளிப் படுக்கவும் வேண்டும். மருந்து முடிந்த பிறகும் அதே அளவு நாள் மறுபத்தியம். இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். தவமணி குளிசைக்கும் அப்படியே இருந்திருக்கிறாள். இங்கிலீசு மருந்து சூடு கூடின மருந்து, ஐந்தும் ஐந்தும் பத்து நாள் காணாது, மாதம் முழுக்க இருப்போம் என்று அவளே தீர்மானித்து, சின்னராசாவின் பாயைச் சுருட்டிக் கொட்டிலுக்கு அனுப்பியிருக்கிறாள். குளிசை பாவம் மாதாமாதம் முட்டையை அனுப்பி வைத்திருக்கிறது, வரவேற்க ஆளில்லை.

நான் நேரே அவளுடைய கட்டிலுக்குப் போனேன். விறாந்தையில் கேட்டதைச் சொன்னேன், பிறகு குளிசை எப்படி வேலை செய்கிறது என்று விளக்கமாகச் சொன்னேன். அவள் முகம் முதலில் வெளிறியது, பிறகு சிவந்தது.

"அப்ப நான் செய்ததெல்லாம் பிழையோ, மிஸ்ஸி?"

"பிழை எண்டில்லை, தவமணி. இந்த மருந்துக்கு அது தேவையில்லை."

"மூண்டு மாதமா ஒரு மீன்துண்டு வாயிலை வைக்கேல்லை. அந்தாள் பனியிலை கிடந்து இருமி இருமி வந்துது, நான் இரக்கப்படேல்லை. மருந்து கெட்டுப்போகுமெண்டு வாசல்லை கூட ஏறவிடேல்லை." அதுவரை நான் அவள் கண்ணில் நீரைக் கண்டதில்லை. இப்போது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தவளுக்கு, சரியாகச் செய்ததே தடையாக இருந்தது என்றால் எப்படித் தாங்கும்? கொஞ்ச நேரத்தில் அந்த விம்மல் சிரிப்பாக மாறியது, நானும் சேர்ந்து சிரித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எங்களுக்கு ஏதோ பேய் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

5. கத்தியைக் கீழே வைத்தது

பெரியவர் மறுநாள் வந்து தேத்தண்ணியில் வாய் வைத்தபோது சொன்னேன். இளையவரும் பக்கத்தில் இருந்தார். பெரியவர் தேத்தண்ணியைத் துப்பாத குறை. மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். "என்ன காணும் குளிசைக்காரர்! சீமையிலை இதைப் படிப்பிக்கேல்லையோ?" இளையவரின் காது மட்டுமல்ல, கழுத்தும் சிவந்தது.

"ஆளைக் கூப்பிடும்" என்றார் பெரியவர். சின்னராசா வந்து வாசலோடு ஒட்டி நின்றார்.

"நீர் குளிசைக்கே மாதம் முழுக்க இருந்தனீர் எண்டால், வெட்டுக்கு எவ்வளவு காலம் இருந்திருப்பீர்?"

"வயித்தைத் திறக்கிறது சும்மாவோ, ஐயா?" என்றார் சின்னராசா பயபக்தியோடு. "எங்கடை பக்கத்திலை ஒருத்தி வேறை ஏதோ வருத்தத்துக்கு வயிறு வெட்டினவள். ரெண்டு வருஷம் இருந்தவள். புண் வெளியிலை ஆறினாலும் உள்ளுக்கு ஆற வேணுமாம்."

பெரியவரின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அந்தக் குரலை அவ்வளவு தணிவாக நான் அதற்குமுன் கேட்டதில்லை. "மிஸ்ஸி, நான் வெட்டியும் பிள்ளை இல்லை எண்டு போனவை இருக்கினம். அவையும் இப்பிடித்தான் இருந்திருப்பினமோ?"

குளிசைக்காரர்தான் சொன்னார்: "சில பேர் இருந்திருக்கலாம், சேர். இப்பவும் பிந்தேல்லை, சொல்லி அனுப்பலாம்." சண்டைக்காரர் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று நான் கண்டது அன்றைக்குத்தான்.

தவமணியின் பெயரை லிஸ்டில் இருந்து வெட்டச் சொன்னார் பெரியவர். லாச்சியில் மிச்சமிருந்தது ஒரு தடவைக்குரிய குளிசை மட்டும். கொழும்பிலிருந்து இனி எப்போது வரும் என்று தெரியாது. அதைக் கையில் கொடுத்து, பத்தியம் ஒன்றும் வேண்டாம் என்று இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி நானே சொன்னேன். சின்னராசா நிலத்தைப் பார்த்தபடி கேட்டார். போகும்போது நடையில் ஒரு துள்ளல் இருந்தது. பூசணிக்காயைக் கொடுக்கவே மறந்து கையோடு கொண்டுபோய்விட்டார்.

6. தள்ளிப்போனது எது?

அடுத்த கிளினிக்குக்குத் தவமணி வரவில்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. மழை பிடித்து நெடுங்கேணி றோட்டில் வெள்ளம் என்றார்கள். குளிசைக்காரர் ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

ஒருநாள் வந்தாள், சேலைக் கரையெல்லாம் சேறு. "குளிச்சுக் கனநாள், மிஸ்ஸி" என்றாள். மாதவிலக்கு வரவில்லை என்று அர்த்தம். வேறு யாரும் என்றால் எனக்குக் கை தட்டத் தோன்றியிருக்கும். ஆனால் தள்ளிப்போவது இவளுக்குப் புதிதில்லையே. குளிசை கைவிட்டு, பழைய வருத்தம் திரும்பிவிட்டதோ? அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். துணிப்பையில் மாற்றுச் சேலையும் செம்பும் இருந்தன. வெட்டுக்கு ஆயத்தமாகவே வந்திருந்தாள்.

அந்தக் காலத்தில் மூத்திரத்தைக் கொழும்புக்கு அனுப்பித் தவளையில் ஏற்றித்தான் சோதிப்பார்கள். இளையவர் போத்தல் எடுக்கச் சொன்னார். "தவளை சொல்லுமட்டும் என்னாலை பாத்துக்கொண்டு இருக்கேலாது" என்று பெரியவர் கையுறையை மாட்டினார். கட்டிலில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், விரல் நோகிற அளவுக்கு. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விலகி நின்று, "நீர் பாரும்" என்றார் இளையவரிடம்.

இளையவர் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய காது சிவந்திருந்தது. கருப்பை பெருத்து மெத்தென்று இருந்ததாம். பெரியவர்தான் சொன்னார், வாட்டு முழுக்கக் கேட்க: "பிள்ளை தங்கியிருக்கு, தவமணி!"

"வெட்டாமலோ, ஐயா?" என்றாள் அவள்.

"வெட்டாமல்தான்."

அவள் எழும்பவில்லை. இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தாள், இருந்தாலும் அவளை எழுப்ப எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆண்டவரே என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

கத்திக்காரர் முழுக்கத் தோற்றுப் போகவுமில்லை. ஊர் மருத்துவிச்சிமார் மூலம் முன்பு வெட்டினவர்களுக்குப் பத்தியம் தேவையில்லை என்று செய்தி போயிற்று. நெடுங்கேணியிலிருந்து ஒருத்தி, அவர் வெட்டிக் கனகாலமானவள், அடுத்த வருஷம் வயிறும் பிள்ளையுமாக வந்து நின்றாள். "என்ரை கத்தியும் வேலை செய்திருக்குக் காணும்!" என்று அவர் இளையவரின் முதுகில் அறைந்தார். வயது தாண்டிப் போனவர்களும் இருந்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கவலைதான்.

அன்றிலிருந்து கத்திக்காரர் ஒவ்வொரு புருஷனையும் தனியே அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு விளக்கம் சொல்வார். அந்தக் குரலுக்குக் கதவு எந்த மூலைக்கு? விறாந்தையில் இருக்கிற பெண்கள் எல்லாரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

இதைப் படிக்கிற நேர்ஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வருவது இதுதான். குளிசையா கத்தியா என்பதை டொக்டர்மார் பார்த்துக்கொள்ளட்டும். இன்றைக்கும் அந்தச் சண்டை முடிந்தபாடில்லை என்கிறார்கள். ஆனால் மருந்தை வாங்கிக்கொண்டு போகிறவள் வீட்டில் அதோடு வேறு என்னவெல்லாம் செய்கிறாள் என்று நீங்கள் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். அதைவிட முக்கியம், அவள் உங்களிடம் கேட்கிற மாதிரி நடந்துகொள்ளுங்கள்.

தவமணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. வீட்டுக்குப் போகிற நாள், சின்னராசா பிள்ளையைக் கையில் எப்படி வைப்பது என்று தெரியாமல் பூசணிக்காய் மாதிரித் தாங்கிக்கொண்டு நின்றார். பஸ் வருகிற நேரம். தவமணி வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"மிஸ்ஸி, ஒண்டு கேக்க வேணும். பால் குடுக்கேக்கை மீன் தின்னலாமோ? தலை முழுகலாமோ? பிள்ளைக்கு வசம்பு கட்டலாமோ? பிறகு..." குரலைத் தணித்துக்கொண்டாள், "அந்தாள் கொட்டிலிலை படுக்க வேணுமோ, வீட்டிலை படுக்கலாமோ?"

பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. போகட்டும் என்று டிரைவருக்குக் கையைக் காட்டிவிட்டு, அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.